அணைக்கச் சொன்னது நான்

1. காலை பத்து மணி போன்

நன்னிலத்தில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். இப்போது மூடிவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக ஒரு சம்பவத்தை எழுதி வைக்கிறேன். இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஷமீமா போன் செய்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் வீடு. கணவருக்கு துபாயில் கடை வேலை. ஷமீமா வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துத் தமிழ் ஆய்வேடுகளை டைப் செய்து கொடுப்பவர். ஒற்றுப்பிழை விடமாட்டார். அதற்காகவே தஞ்சாவூரிலிருந்தெல்லாம் மாணவர்கள் தேடி வருவார்கள்.

"அண்ணே, ஒரு ஃபைலும் தொறக்க மாட்டேங்குது. எல்லாப் பேருக்கும் பின்னாடி என்னமோ நாலு எழுத்து ஒட்டியிருக்கு. இங்கிலீஷ்ல ஒரு நோட்டீஸ் வந்து நிக்குது."

"நெட் ஒயரப் புடுங்கிட்டு சிஸ்டத்த ஆஃப் பண்ணுங்கம்மா. எதையும் தொடாதீங்க. வந்துட்டேன்."

போய்ப் பார்த்தேன். கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று மிரட்டுகிற வகை வைரஸ். சிஸ்டத்தில் சொருகியிருந்த பேக்கப் டிஸ்கையும் அது விட்டுவைக்கவில்லை.

"ஆன்டிவைரஸ் ஒண்ணுமே சொல்லலையாம்மா?"

"சொல்லுச்சுண்ணே. நீங்க காட்டிக் குடுத்த மாதிரி அத ஆஃப் பண்ணிட்டுத்தான் ஒரு புது சாஃப்ட்வேரப் போட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

2. ஐந்து ஆன்டிவைரஸ், ஒரு பழைய சிஸ்டம்

அந்த ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஏனோதானோ என்று எடுத்ததில்லை. கடைக்கு வருகிற எல்லோரும் "எது சார் நல்லது?" என்று கேட்பார்கள். ஏஜென்டுகள் சொல்வதை அப்படியே ஒப்பிக்க எனக்குப் பிடிக்காது. அதனால் இரண்டு ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய சிஸ்டத்தை இதற்கென்றே ஒதுக்கினேன். நம் ஊர் வீடுகளில் இருப்பது அந்த மாதிரி சிஸ்டம்தான்.

ஐந்து கம்பெனிகளின் டிரையல் வெர்ஷனை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்று முடிந்ததும் ஃபார்மட் அடித்துவிட்டு அடுத்தது. கடிகாரத்தைப் பார்த்து பூட் ஆகும் நேரத்தைக் குறித்தேன். முந்நூறு பக்கத் தமிழ்க் கோப்பு திறக்க எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். கஸ்டமர்களின் பென்டிரைவில் பிடித்த வைரஸ்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தேன். எது எத்தனையைப் பிடிக்கிறது, நெட் இல்லாதபோது பிடிக்கிறதா, ஃபயர்வால் தானாக இயங்குகிறதா, கழற்றும்போது சுத்தமாகப் போகிறதா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மூன்று வாரம் ஆனது.

மூன்றாவதாகப் போட்டது மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. சிஸ்டம் இழுக்கவில்லை. என் ஃபோல்டரில் இருந்த வைரஸ்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் லைசென்ஸ் பூட்டை உடைத்து க்ராக் செய்த தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரைப் போட்டால் உடனே தடுத்தது. நோட்டில் அதற்கு நேராக 'பொய் எச்சரிக்கை, தேவையில்லாத தொந்தரவு' என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

3. காட்டிக் கொடுத்தது

அந்தக் காலத்தில் காசு கொடுத்துத் தமிழ் ஃபான்ட் வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை. எல்லாம் க்ராக்தான். நானும் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். அது ஆன்டிவைரஸுக்குப் பிடிக்காது. அதனால் ஷமீமா வீட்டில் சிஸ்டம் வைத்துக் கொடுத்த அன்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மவுஸைப் பிடித்துக் காட்டினேன்.

"இது சும்மா கத்தும்மா. ரைட் க்ளிக் பண்ணி ஒரு மணி நேரத்துக்கு ஆஃப் பண்ணிடுங்க. அந்த நேரம் முடிஞ்சதும் அதுவே திரும்ப ஆன் ஆயிரும்."

அவர் அதை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். பேக்கப் டிஸ்கையும் "எப்பவும் சொருகியே இருக்கட்டும், தானா காப்பி ஆயிரும்" என்று சொன்னது நான்தான்.

பழைய ஃபான்டில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றித் தர வேண்டிய வேலை ஒன்று வந்திருக்கிறது. டைப்பிங் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கன்வெர்ட்டர் ஒன்றுக்கு லிங்க் போட்டிருக்கிறார்கள். ஆன்டிவைரஸ் தடுத்தது. ஷமீமா தாளைப் பார்த்து அப்படியே செய்தார்.

4. மல்லிகாவின் ஒலிப்பதிவுகள்

பூட்டிக்கொண்டவற்றில் மல்லிகாவின் ஆய்வேடும் இருந்தது. மல்லிகாவின் அப்பா அம்மா நடவு, அறுப்புக்குப் போகிறவர்கள். அவர்கள் தெருவில் முனைவர் பட்டம் வரை போன முதல் ஆள் மல்லிகா. வாய்க்கால், மதகு, மடை இவற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்கள்தான் ஆய்வு. மூன்று வருடம் ஊர் ஊராக நடந்து, தண்ணீர் திறந்துவிடும் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார். செல்போனில் இடம் போதாததால் பதிவுகளை ஷமீமாவின் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டார். ஷமீமா கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

கோப்புகளை மீட்க முடியுமா என்று டிஸ்கைத் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் கொண்டுபோனேன். இரண்டு இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். வழிகாட்டிப் பேராசிரியரிடம் அச்செடுத்துக் கொடுத்திருந்த மூன்று இயல்கள் மட்டும் தாளில் மிஞ்சின. ஒலிப்பதிவு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பேசியவர்களில் இரண்டு பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

5. பத்து நாள்

மல்லிகாவிடம் ஷமீமா சொன்னது ஒரே வரி. "என் தப்புதான்மா, தெரியாம எதையோ டவுன்லோட் பண்ணிட்டேன்." என் பெயரை எடுக்கவேயில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. கடையில் யாராவது கேட்டால், "லிங்க்க பாத்துத் தொடணும், நாம என்ன பண்றது?" என்று நானும் பேசினேன்.

பதினோராம் நாள் என்னால் முடியவில்லை. மல்லிகாவின் வீட்டுக்குப் போனேன். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லிக் கொடுத்தது நான், டிஸ்கைச் சொருகியே வைக்கச் சொன்னதும் நான் என்று சொன்னேன். அவர் அழவில்லை.

"இத ஏன் சார் இப்ப வந்து சொல்றீங்க?"

"மனசு கேக்கலம்மா."

"உங்க மனசு பத்து நாள் கழிச்சுத்தான் கேக்குமா? ஷமீமா அக்காகிட்ட நான் எப்டில்லாம் பேசிட்டேன் தெரியுமா? எங்க சனம் படிச்சு வந்தா உங்களுக்கெல்லாம் பொறுக்காதுன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவங்க தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தாங்க. அன்னைக்கே நீங்க வாயத் தொறந்திருந்தா நான் அந்த வார்த்தைய விட்டிருப்பேனா?"

'போய்ட்டு வரேன்' என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

மல்லிகா மறுநாளே ஷமீமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஷமீமா டீ போட்டுக் கொடுத்து, "பரவால்லம்மா" என்றிருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு யாருடைய ஆய்வேட்டையும் அவர் வாங்கவில்லை. மல்லிகா மறுபடி ஊர் ஊராக நடந்து ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினார். அதற்குள் அவர் எதிர்பார்த்திருந்த கல்லூரி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இன்று ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார். நின்று பேசமாட்டார்.

6. தெரிந்துகொண்டது

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தினமும் அப்டேட் ஆகிற, உங்கள் சிஸ்டத்தை இழுக்காத எதையும் போடலாம். பேக்கப் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். க்ராக் எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். இதெல்லாம் எந்தச் சர்வீஸ்காரரும் சொல்லிவிடுவார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. கஸ்டமர் நம் சொல்லைப் பரிசோதிப்பதில்லை, எழுதி ஒட்டிக்கொள்கிறார். அது தப்பாகப் போனால் அன்றைக்கே, அவர் வாசலில் நின்று, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். பத்து நாள் தள்ளிப்போட்டால், அந்தப் பத்து நாளும் நம் பழியை வேறொருவர் சுமப்பார்.