நொட்டை அக்கா போட்ட பச்சை

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை அக்கா என்று பேர். நொட்டை சொல்வதற்குத்தான் சம்பளமே. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், துணிக்கடை என்று பலரும் தங்கள் வலைத்தளத்தில் எழுத அவள் கம்பெனியின் மென்பொருளைத்தான் நம்பியிருந்தார்கள். எழுத்தோடு எழுத்தாக யாராவது விஷமக் கட்டளையை நுழைத்தால் உருவி எறிய அதில் ஒரு வடிகட்டி உண்டு. கட்டளைகள் < என்ற குறியில் தொடங்கி > என்ற குறியில் முடியும். விதவிதமாக அவற்றை எழுதி வடிகட்டியை ஏமாற்றப் பார்ப்பது அவள் வேலை.

தேறினால் திரையில் பச்சை விளக்கு; புது வடிகட்டி எல்லாச் சோதனையிலும் பச்சை வாங்கியது, ஒன்றைத் தவிர. அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே நல்ல வார்த்தை கிடந்தாலும் முழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

"யாரும்மா இந்தக் குறியெல்லாம் போட்டு எழுதப் போறாங்க?" என்றார் மேனேஜர். "நாளைக்கு ரிலீஸ். எதிர்பார்த்த விடைன்னு கட்டம் இருக்குல்ல, அதுல வந்த விடையையே போட்டுடு. பச்சையாயிடும்."

பையன் எழுதியதற்கு ஏற்றபடி வாத்தியார் பாடப்புத்தகத்தைத் திருத்துகிற கதை! ஊரையே குறை சொல்லும் நம் அக்கா முறைத்தாள், முனகினாள், பிறகு சமர்த்தாக மாற்றினாள். மறுநாள் கேக் வெட்டினார்கள். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, குட்டிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி சைட்ல மருந்து அளவு பார்த்தேன். 'எடை 10 கிலோ: ஒரு மூடி'ன்னு மட்டும்தான் இருக்கு. இவன் எட்டு கிலோதான். முக்கால் மூடி கொடுக்கட்டுமா?"

அவள் கணினியைத் திறந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியதைத் தேடி எடுத்தாள்.

'எடை <10 கிலோ: கால் மூடி. >10 கிலோ: ஒரு மூடி.'

பத்து கிலோவுக்குக் குறைந்தால் கால் மூடி, கூடினால் ஒரு மூடி என்று அர்த்தம்; குறிகளுக்கு நடுவே கிடந்த கால் மூடியை வடிகட்டி ஏப்பம் விட்டிருந்தது.

"ஒரு சொட்டுகூட கொடுக்காதே! முதல்ல டாக்டருக்குப் போன் போடு!"

மேனேஜரிடம் ஓடினாள். "டெஸ்ட் பச்சைதானே?" என்றார் அவர். "மெதுவாப் பேசு. ஆஸ்பத்திரிக்காரங்க காதுல விழுந்தா மானம் போயிடும்."

"பொய்ப் பச்சை சார். போட்டது நான்."

அவர் வாயை மூடுவதற்குள் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்திவிட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பக்கத்தை உடனே எடுக்கிறோம் என்றார்கள்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் பார்த்திருக்காங்க?" என்று கேட்டது மறுமுனைக் குரல்.

"நானூத்திப் பதினோரு பேருங்க," என்றாள், மென்பொருள் காட்டிய பார்வையாளர் கணக்கைப் பார்த்து. "அதுல ஒருத்தி என் தங்கச்சி. அவ ஒருத்திதான் போன் பண்ணிக் கேட்டா."