மெதுவாகப் போன மஞ்சள் படகு

2002ஆம் வருடம், ஐப்பசி மாதம். தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன. நான் காஞ்சிபுரத்தில் வேலையில் இருந்தேன். என் தங்கையை உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில், விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். எதற்கும் தேதி எழுதி வைப்பது என் பழக்கம். ஆனால் இந்தச் சம்பவத்துக்கு நான் எந்தக் குறிப்பையும் புரட்ட வேண்டியதில்லை. வியாழக்கிழமை மாலை மின்னல் இறங்கியது. சனிக்கிழமை எனக்குத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

தங்கைக்கு ஒரே பெண். அப்போது எட்டு வயது. எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பாப்பா பேசமாட்டாள். காது நன்றாகக் கேட்கும், ஆனால் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தினமும் அதே தட்டு, அதே இடம், அதே பாய் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். இன்று அதற்கு ஒரு பெயரும் சிகிச்சையும் பள்ளியும் இருக்கின்றன. அன்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழைய கணினி ஒன்றை நான் வாங்கி வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டெழுதி வேலை வாங்கும் டாஸ் காலத்து இயந்திரம். வேறொன்று வாங்கியதும் அதைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. பச்சைக் கரைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் படகு ஆற்றில் போகும். மிதந்து வரும் பீப்பாய்களை எடுத்துக்கொண்டு துறையில் சேர்ந்தால் ஒரு கொடி ஏறும், ஒரு சின்ன இசை வரும். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு அந்தப் படகுதான் உலகம். அதைவிட முக்கியம், அவள் சாப்பிடுவதே அதை வைத்துத்தான். கொடி ஏறி இசை வரும்போது வாயைத் திறப்பாள். தங்கை ஒரு வாய் ஊட்டுவாள். அடுத்த கொடிக்கு அடுத்த வாய். இப்படித்தான் சில வருடங்களாக மூன்று வேளையும் நடந்துகொண்டிருந்தது.

வியாழன் மாலை விழுந்த மின்னல் கம்பி வழியாக இறங்கி அந்தத் தெருவில் நான்கைந்து வீட்டு டிவியையும் பாப்பாவின் கணினியையும் தீய்த்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் தங்கையின் கணவர் உத்திரமேரூர் பூத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தார். "மச்சான், பொட்டி பூட்ச்சி. பாப்பா வியாயக்கியம ராத்திரிலேர்ந்து ஒண்ணும் துன்னல. குளுக்கோஸ் தண்ணி மட்டும் ரெண்டு வாய் உள்ள போவுது. இன்னா பண்றதுன்னே தெர்ல."

காலையில் டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். திங்கள் காலை வரை பாருங்கள், அதற்கும் சாப்பிடவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். முந்தைய வருடம் காய்ச்சலில் அவளைச் சேர்த்தபோது, ஊசியைப் பிடுங்குகிறாள் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். வீடு திரும்பிய பிறகு பல நாட்கள் யாரையும் கிட்டே விடவில்லை. தங்கை அந்தக் கட்டிய கைகளைச் சொல்லிச் சொல்லி அழுவாள்.

என் வீட்டுக் கணினியைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அன்று மாலையே பஸ் ஏறினேன். மழை. ஜன்னல் தட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் பெட்டியில் படாமல் இருக்க வழி முழுக்கக் குனிந்தே உட்கார்ந்து வந்தேன். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டில் மொபெட்டோடு நின்றிருந்தார். திரைப்பெட்டியை அவருடைய நண்பர் ஒருவர், நள்ளிரவில் காஞ்சிபுரத்திலிருந்து சரக்கோடு திரும்பிய தன் வேனில் ஏற்றிவந்தார்.

விளையாட்டை நான் முன்பே ஒரு பிளாப்பியில் எடுத்து, தேதியிட்டு ஒட்டி வைத்திருந்தேன். அதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம். ஞாயிறு காலை அதைப் போட்டால், கணினி கறகறவென்று உறுமிவிட்டுப் படிக்க முடியவில்லை என்றது. மறுபடி முயலச் சொன்னேன். மறுபடி உறுமல். பிளாப்பியை வெளியே எடுத்து, அதன் உலோக மூடியைத் தள்ளி ஊதி, மெல்லத் தட்டிப் போட்டேன். இந்த முறை படித்தது. உடனே மின்சாரம் போய்விட்டது.

அது திரும்ப வருவதற்கு மதியமாயிற்று. அதுவரை பாப்பா நெல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

கரண்ட் வந்ததும் விளையாட்டை ஓட்டினேன். படகு தெரியவே இல்லை. ஒரு மஞ்சள் கோடு பாய்ந்து கரையில் மோதியது. இசை வரவேண்டிய இடத்தில் எலி மிதிபட்டதுபோல் 'கீச்' என்று ஒரு சத்தம்.

"இன்னா மச்சான் இது, படகா ராக்கெட்டா?" என்றார் மாப்பிள்ளை.

அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதும் சந்துக்குள்ளிருந்து பாப்பா அலறினாள். தங்கை ஓடிப்போய் உட்கார்ந்தாள், தொடவில்லை. தொட்டால் இன்னும் கத்துவாள்.

பழைய விளையாட்டுகள் இயந்திரத்தின் வேகத்தை வைத்தே தங்கள் வேகத்தைக் கணக்கிடும், புது இயந்திரத்தில் தறிகெட்டு ஓடும் என்று நான் படித்திருந்தேன். அதற்காகவே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் ஒரு சின்ன மென்பொருளைக் கணினிப் பத்திரிகை ஒன்றின் குறுந்தகட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதைப் போட்டு ஒவ்வொரு எண்ணாகக் குறைத்தேன். எந்த வேகம் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளையாட்டின் மூலையிலிருக்கும் கடிகாரம் பழைய கணினியில் என் கைக்கடிகாரத்தோடு நொடி தவறாமல் போகும். என் வீட்டில் இருந்தபோதே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். இப்போதும் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றாகத் துடிக்கும்வரை சரிசெய்தேன்.

தங்கை சோற்றைக் கரைத்து எடுத்து வந்தாள். நானும் மாப்பிள்ளையும் கதவுக்கு வெளியே போய் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தோம். பாப்பா சந்திலிருந்து வெளியே வந்தாள். வழக்கமான பாயில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படகு புறப்பட்டது. அவள் விரல் அம்புக்குறி விசையை அழுத்தியது. படகு கரையில் இடித்தது. மறுபடி புறப்பட்டது, மறுபடி இடித்தது. மூன்றாம் முறை இடித்தபோது விசைப்பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சந்துக்கே போய்விட்டாள்.

"வேகமாப் போவுதுண்ணா," என்றாள் தங்கை.

"இல்லம்மா. கரெக்டா வெச்சிருக்கேன். வாட்ச்சைப் பாரு."

"வாட்ச்ச இன்னாத்துக்குப் பாக்கச் சொல்ற? அத்தக் கயட்டி அப்பால வை. அவளப் பாரு."

எனக்குச் சுருக்கென்றது. பட்டினியில் குழந்தைக்குக் கை தளர்ந்திருக்கும், அதனால்தான் படகைத் திருப்ப முடியவில்லை என்று நினைத்தேன். அப்படியானால் நாளை ஆஸ்பத்திரிதான். மாப்பிள்ளை வேன்காரரிடம் காலையில் வரச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போது சந்துக்குள்ளிருந்து முனகல் போல ஒரு சத்தம் வந்தது. பாப்பா வாயை மூடிக்கொண்டு எதையோ இழுத்து இழுத்து முனகிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா அவளுக்கு?" என்று பதறிக் கேட்டேன்.

"இல்லண்ணா. கொடி ஏறும்போது வர்ற பாட்டு அது. பசிச்சா அப்டித்தான் பாடிக்கினு இருப்பா."

காது கொடுத்துக் கேட்டேன். அதே இசைதான். ஆனால் எனக்குத் தெரிந்ததைவிட ஏறக்குறைய பாதி வேகத்தில். தெம்பில்லாமல் இழுக்கிறாள் என்றே அப்போதும் நினைத்தேன்.

பழைய பெட்டியிலிருந்து ஏதாவது தேறுமா என்று பார்க்க, மாப்பிள்ளையை அதைக் கொண்டுவரச் சொன்னேன். சாக்கில் சுற்றித் தாழ்வாரத்தில் வைத்திருந்தார். பிரித்தேன். முகப்பில் இரண்டு பொத்தான்கள். ஒன்று கணினியைப் போடவும் நிறுத்தவும். இன்னொன்று டர்போ பொத்தான். அந்தக் காலத்துக் கணினிகளில் இது இருக்கும். அழுத்தினால் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும், எடுத்துவிட்டால் வேகம் குறையும். முதல் பொத்தானில் வருடக்கணக்காக விரல் பட்ட அழுக்கு. இரண்டாவது பொத்தான் வெளியே நீட்டிக்கொண்டு, பளிச்சென்று புதிதாக இருந்தது.

"மாப்ளே, இந்தப் பொத்தானை அமுக்கறதில்லையா?"

"அய்யய்யே, அத்தத் தொடவே வுட மாட்டேன் மச்சான். அமுக்கினா செவப்பு லைட்டு எரியும், பொட்டி ஜோரா ஓடும். நம்மூரு வோல்டேஜி ஒனக்குத் தெரியாதா? லோ வோல்டேஜில மோட்டார முய்சா ஓடவுட்டு ரெண்டு தபா காயிலு எரிஞ்சி பேஜாராப் போச்சி. ஒரு போகமே காஞ்சிது. அதான் நீ வெச்சிட்டுப் போன மறுநாளே அத்த எடுத்து வுட்டுட்டேன். பாப்பா பொட்டியாச்சே, எரிஞ்சிடக் கூடாதுன்னு."

பம்புசெட்டைக் காப்பாற்றுவதுபோல் அவர் அந்தக் கணினியைக் காப்பாற்றியிருக்கிறார். மாதம் ஒருமுறை வந்துபோகும் நான் பாப்பா விளையாடுவதை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வெளியாள் அறையில் இருந்தால் அவள் விசையைத் தொடமாட்டாள். அவளுடைய படகு மறுநாளிலிருந்தே மெதுவாகத்தான் போயிருக்கிறது. அவளுடைய கடிகாரத்தில் ஒரு நொடி என்னுடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த முனகல் தளர்ச்சி அல்ல. அதுதான் சரியான வேகம்.

கைக்கடிகாரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

மென்பொருளின் எண்ணை இன்னும் குறைத்தால் படகு விட்டுவிட்டுக் குதித்தது. அதை அவள் ஏற்கமாட்டாள். இயந்திரத்தையே முடமாக்க வேண்டும். கணினி உயிர்பெறும்போது வரும் நீலத்திரையில் கேஷ் என்கிற விரைவு நினைவகத்தை அணைத்துவிட்டால் எவ்வளவு பெரிய இயந்திரமும் நொண்டும் என்று படித்திருந்தேன், செய்ததில்லை. அந்த மாற்றத்தைப் பதியும்போது மின்சாரம் போனால் கணினியே எழாமல் போகலாம் என்றும் அதே கட்டுரையில் எச்சரித்திருந்தார்கள். வெளியே மறுபடி இடி உருண்டுகொண்டிருந்தது. குண்டு பல்பு மங்கி மங்கி எரிந்தது. மாற்றத்தைப் பதியும் விசையை அழுத்தினேன்.

கணினி எழுந்தது. தள்ளாடி எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். விளையாட்டை நானே ஓட்டினேன். துறையைச் சேர்ந்தேன், கொடி ஏறியது, இசை வந்தது. சந்திலிருந்து வந்த முனகலைவிட இப்போது மெதுவாக இருந்தது.

"கொஞ்சம் தூக்கு," என்றாள் தங்கை.

மென்பொருளின் எண்ணை ஒரு படி தூக்கினேன். மறுபடி ஆற்றில் போய்த் துறையில் சேர்ந்தேன்.

"இன்னும் துளி."

நான்காவதோ ஐந்தாவதோ முறை கொடி ஏறியபோது பெட்டியின் இசையும் பாப்பாவின் முனகலும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. சட்டென்று முனகல் நின்றது.

நான் மூவரையும் பார்க்காமல் எழுந்து கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையும் வந்து நின்றார். உள்ளே பாய் சரசரத்தது. விசை தட்டும் சத்தம், நிதானமாக. பிறகு இசை. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி விசை. மறுபடி இசை.

"இன்னா மே?" என்று மாப்பிள்ளை வெளியிலிருந்தே கேட்டார்.

"சும்மா இரு," என்று உள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது. "துன்னுக்கினு கீது."

அவர் சுவரில் சாய்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். கிண்ணம் காலியாகும்வரை மின்சாரம் போகவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை வேன் வரவில்லை. நான் கைவீசிக்கொண்டு காஞ்சிபுரம் திரும்பினேன். என் கணினி அங்கேயே, நொண்டியாகவே, பல வருடம் ஓடியது. மாப்பிள்ளை அதன் முகப்பில் வேறு ஆபத்தான பொத்தான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

இன்றும் தேதியும் நேரமும் பிசகாமல் எழுதுகிறவன்தான் நான். ஆனால் இன்னொருவருக்காக எதையாவது சரிசெய்ய உட்கார்ந்தால், முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அவர்கள் என்ன முனகுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் கேட்கிறேன்.