வடக்குப்பட்டு பாதுகாப்பு சபை

உலகம் ஒழுங்காக நடக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள் நியூயார்க்கில் சிலர், ஜெனீவாவில் சிலர், வடக்குப்பட்டில் ஒருவர் என்று பரவிக் கிடக்கிறார்கள். வடக்குப்பட்டு, ஒரகடம் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். அந்த ஊர்க்காரரின் பெயர் டில்லிபாபு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கீழே நாற்காலி, பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை. மேலே தொழிற்சாலைகளுக்குப் போகும் தெற்கத்திப் பையன்கள் தங்கும் அறைகள். இதெல்லாம் பிழைப்பு. வாசலில் ஒரு நீலப் பலகை தொங்குகிறது: 'அகில இந்திய உலக மன்ற விளக்கச் சங்கம், ஒரகடம் கிளை. செயலாளர்: வ. டில்லிபாபு.' அதுதான் ஆள்.

ஐக்கிய நாடுகள் சபை என்று ஒன்று இருக்கிறது, அது என்ன செய்கிறது, என்ன செய்ய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறது என்பதைச் சாதாரண ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் சங்கத்தின் வேலை. தலைமையகம் டில்லியில். நாடு முழுக்கக் கிளைகள். அரசாங்கத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை, கட்சியோடு சம்பந்தமில்லை. ஒரகடம் கிளையைப் பொறுத்தவரை ஜனங்களோடும் பெரிய சம்பந்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

டில்லிபாபு இதில் சேர்ந்தது தனிக் கதை. ஒருமுறை தண்டலத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு நாற்காலி போட்டிருந்தார். சங்கத்துப் பெரியவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து உலக அமைதியைப் பற்றிப் பேசினார். பேருந்து கிளம்பும் நேரமானதும் மாணவர்கள் உலக அமைதியை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஆசிரியர்கள் அவர்களுக்கு முன்னாலேயே போயிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரே ஒரு ஆள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்தால்தானே நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றலாம்? இது பேச்சாளருக்குத் தெரியாது. மேடையிலிருந்து இறங்கி வந்து டில்லிபாபுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா போதும் சார்" என்றார்.

டில்லிபாபுவின் கண் கலங்கிவிட்டது. அப்பா நெல் விளைவித்த நிலத்தில் எழும்பிய தொழிற்சாலையில் டெம்பரரியாகச் சேர்ந்து, டெம்பரரியாகவே இருந்து, பெர்மனென்டாக ஒரு முதுகுவலியை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் அவர். மணிமங்கலத்துக் கல்யாணமோ படப்பைக் கட்சிக் கூட்டமோ, மேடையில் இருக்கும் நாற்காலி அவருடையது. 'நீங்களும் வந்து உட்காருங்க' என்று எந்த மேடையும் அவரைக் கூப்பிட்டதில்லை. முதன்முதலாகக் கூப்பிட்டது உலகம். போய்விட்டார்.

அன்றிலிருந்து செயலாளர். வருஷத்துக்கு நாலைந்து கூட்டம் போடுவார், போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார். சென்ற அக்டோபரில் அங்கிருந்து மாநில அமைப்பாளர் ஷெர்லின் போன் செய்தாள்.

"சார், போட்டோ எல்லாம் பார்த்தேன். நாற்காலி ரொம்ப நேர்த்தியா போட்டிருக்கீங்க. ஆள் எங்க சார்?"

"ஆளுங்க ஷிஃப்டுக்குப் போயிட்டாங்கம்மா."

"எல்லா கூட்டத்துலயுமா?"

"எல்லா கூட்டத்துக்கும் ஷிஃப்டு கீதேம்மா."

ஷெர்லின் நல்ல பெண், சிரிக்கவில்லை. ஐ.நா. தினத்தை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தானே வருவதாகச் சொன்னாள். கூட்டம் முடிந்ததும், கூட்டத்தில் உட்காராத அக்கம்பக்கத்து ஆள் ஒருவரைப் பிடித்து, என்ன புரிந்தது என்று கேட்பாள். புரிந்திருந்தால் கிளை இருக்கும். இல்லாவிட்டால் அதைத் தண்டலம் கிளையோடு சேர்த்துவிடும்படி டில்லியில் முடிவாகியிருக்கிறதாம். தண்டலத்தில் ஏற்கெனவே ஒரு செயலாளர் உண்டு. பேராசிரியர். நாற்காலி போடத் தெரியாதவர்.

"பலகையைக் கழட்டிடுவாங்க அம்சா" என்றார் டில்லிபாபு, அன்று சாப்பாட்டைப் பிசைந்தபடி.

"கழட்டட்டும்" என்றாள் அவர் மனைவி அம்சவல்லி. "அந்த ஆணில துணி காயப்போட கயிறு கட்டிக்கிறேன்."

பாதுகாப்பு சபையைப் பாமரருக்கு எப்படிப் புரியவைப்பது? டில்லிபாபு நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் மாடிப்படி அருகே சண்டைச் சத்தம் கேட்டது. யோசனை தானாக வந்து சேர்ந்தது.

சண்டை மோட்டாரைப் பற்றியது. போர்வெல்லில் தண்ணீர் குறைவு என்பதால் மாடித் தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஒருமுறைதான் ஏற்ற முடியும், அதுவும் நிரம்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோட்டாரோ, போட்டால் விமானம் கிளம்புகிற மாதிரி அலறும் பழைய மோட்டார். அதை அடுத்த அறையில் இருப்பவன் திசையன்விளைப் பையன் சக்திகுமார். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பவன். அவனுக்கு மோட்டார் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஓட வேண்டும். வேல்ராஜ் கோவில்பட்டிக்காரன், காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு எண்ணெயும் பிசுக்குமாகத் திரும்பி வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். அவனுக்குக் காலை பத்து மணிக்கே ஓடியாக வேண்டும். மொத்த விடுதியும் இந்த இரண்டு கட்சிகளாகப் பிரிந்து, வாரம் தவறாமல் மோட்டார் அறை வாசலில் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தது. பிய்ந்த பட்டன்களைத் தைத்துக் கொடுப்பது அம்சவல்லி.

ஞாயிறு வந்தது. கடைக்கு முன்னால் பந்தல் போட்டு, அரைவட்டமாகப் பதினைந்து நாற்காலிகள் போட்டார் டில்லிபாபு. ஐந்து சிவப்பு, கை வைத்தவை: நிரந்தர உறுப்பினர்களுக்கு. பத்து வெள்ளை, கை இல்லாதவை: தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு. உலகத்தில் பெரிய யுத்தத்தை ஜெயித்தவர்கள் நிரந்தர இடத்தை எடுத்துக்கொண்டார்கள் அல்லவா? அந்த வழியில், இரண்டாயிரத்து இருபத்துமூன்று புயல் மழையில் எல்லோரும் ஊருக்கு ஓடியபோது விடுதியை விட்டு ஓடாமல் நின்ற ஐந்து பேருக்குச் சிவப்பு நாற்காலி. ஓடாததற்குக் காரணம் பஸ் கிடைக்காததுதான். ஆனால் வரலாறு அவ்வளவு தூரம் கிண்டிப் பார்ப்பதில்லை. சக்திகுமாரும் வேல்ராஜும் அந்த ஐவரில் இருவர்.

மற்ற பையன்களும் கூட்டமாக நின்றார்கள். பிரியாணி என்று சொல்லியிருந்தது. பின்கட்டில் அம்சவல்லி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஷெர்லின் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள்.

டில்லிபாபு எழுந்தார். இத்தனை நாளாக நாற்காலிகளிடம் பேசியவர். இன்று நாற்காலிகளில் முகங்கள் இருந்தன. தலை கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்பில், எழுதி வைத்திருந்ததைத் தாண்டி ஒரு வாக்கியம் வந்துவிட்டது.

"இது விளையாட்டு இல்ல. இன்னையிலிருந்து இந்தச் சபை தீர்மானம் போட்டாத்தான் மோட்டார் ஓடும். இது செயலாளர் வாக்கு!"

கைதட்டல் பலமாக இருந்தது. ஷெர்லின்கூடத் தட்டினாள்.

விதியை விளக்கினார். தீர்மானம் நிறைவேற ஒன்பது பேர் கை தூக்க வேண்டும். ஆனால் சிவப்பு நாற்காலியில் ஒருவன் 'மாட்டேன்' என்றாலும் போச்சு. அதற்குப் பெயர் வீட்டோ.

"ஒருத்தன் சொன்னா போதுமா அண்ணாச்சி?" என்றான் சக்திகுமார்.

"ஒருத்தன் போதும் தம்பி."

"ஏன் இத மொதல்லயே சொல்லல?" என்று சக்திகுமார் நாற்காலிக் கையில் இரண்டு முழங்கைகளையும் வசதியாக ஊன்றிக்கொண்டான்.

பத்து மணித் தீர்மானம் முதலில் வந்தது. பதினான்கு கைகள் உயர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை, பசி, சீக்கிரம் முடியட்டும் என்ற எண்ணம். சக்திகுமார் மட்டும், "மதிப்புக்குரிய உறுப்பினர்கள் மன்னிக்கணும். நான் தூங்கணும். வீட்டோ" என்றான்.

"எலேய், பதினாலு பேரு சொல்லுதோம்!" என்று கத்தினான் வேல்ராஜ்.

"பதினாலு பேருமா என் ரூம்ல படுக்கிய?"

அடுத்தது நாலு மணித் தீர்மானம். வேல்ராஜ் எழுந்து நின்றே சொன்னான்: "மதிப்புக்குரிய திசையன்விளை உறுப்பினருக்கு நான் ஒண்ணு சொல்லிக்கிடுதேன். மூணு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் கிரீசோட உக்காந்து பாரும் வே, அப்பத் தெரியும். வீட்டோ!"

ஆக, சபை தெளிவான நிலைக்கு வந்தது: மோட்டார் எந்த நேரத்திலும் ஓடாது. டில்லிபாபு ஷெர்லினைப் பெருமையோடு பார்த்தார். இதைவிடத் துல்லியமாக உலகத்தை யார் விளக்க முடியும்?

அப்போது பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னாய்யா, குழாய்ல தண்ணியே வரல. அரிசி களையணும், மோட்டாரைப் போடு."

"சபை இன்னும் முடிவெடுக்கல அம்சா."

"எந்த சபை?"

"பாதுகாப்பு சபை."

"உன் சபையாண்ட கேளு, களையாத அரிசில பிரியாணி துன்னுவாங்களான்னு."

பந்தலில் அசைவு. டில்லிபாபு மோட்டார் அறைப் பக்கம் பார்த்தார். போய் சுவிட்சைத் தட்ட எத்தனை நேரம்? ஆனால் தட்டினால் செயலாளர் வாக்கு பொய், சபை வெறும் கூத்து, ஷெர்லின் அதை அப்படியே டில்லிக்குச் சொல்வாள், பலகை போகும். தட்டாவிட்டால் பிரியாணி போகும். பலகையா பிரியாணியா என்ற நிலையில் ஒரகடம் வட்டாரத்தில் வேறு எவரும் செய்யாத ஒன்றை அவர் செய்தார்.

"முடியாது அம்சா" என்றார்.

பின்கட்டில் கரண்டியை வைக்கும் சத்தம். பிறகு செருப்புச் சத்தம். மோட்டார் அறைக் கதவு திறக்கும் சத்தம். பிறகு, விமானம் கிளம்பியது.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்று வேல்ராஜ் மோட்டாருக்கு மேலே கத்தினான். "தீர்மானம் இல்லாம மோட்டார் ஓடுது! அக்காவக் கண்டிக்கணும்!"

கண்டனத் தீர்மானம் வந்தது. நிறையக் கைகள் உயர்ந்தன. "வீட்டோ" என்றான் சக்திகுமார். தூக்கத்துக்கு எமனான அதே மோட்டாருக்கு அவன் ஏன் பரிந்து வந்தான் என்று சபை திகைத்தது.

"அக்காதான் லெக் பீஸ் போடுறாவ" என்றான் அவன், சுருக்கமாக. உலக அரசியலில் இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது.

கண்டிக்க முடியாதபோது பெரிய சபையில் ஒரு வழக்கம் உண்டு, தலைவர் 'ஆழ்ந்த கவலை' என்று ஓர் அறிக்கை வாசிப்பார் என்று ஷெர்லின் மெல்ல எடுத்துக் கொடுத்தாள். கவலைக்கு யாரும் வீட்டோ போடவில்லை. அறிக்கையை வாசிக்க வேண்டியவர் அன்று தலைவராக இருந்த டில்லிபாபு. அவர் பின்கட்டைப் பார்த்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடந்த சம்பவம் குறித்து இச்சபை ஆழ்ந்த கவலை தெரிவித்துக்கொள்கிறது" என்று தன் சம்சாரத்துக்கு வாசித்தார்.

"தெரிவிச்சிக்கோ" என்று பதில் வந்தது. "கவலைப்பட்டுக்கினே வெங்காயத்தை உரி."

பிரியாணி பிரமாதமாக இருந்தது. இலை எடுத்தபின் ஷெர்லின் எழுந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். சபையில் உட்காராத ஆள். பையன்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கி, கத்தி, சபையோடு கலந்துவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒருத்திதான். அவள் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

டில்லிபாபு நாற்காலி அடுக்குவதை நிறுத்தினார். சாப்பாட்டுக்கு முன்புதான் உலகறியக் கவலை தெரிவிக்கப்பட்டவள். ஆணியில் கயிறு கட்டக் காத்திருப்பவள்.

"அக்கா, இன்னிக்கு நடந்ததுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது?"

அம்சவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள். "இன்னா புரியறது? அஞ்சு பேர்ல ஒருத்தன் வாணாம்னா மத்தவங்கல்லாம் தூக்குன கையோட உக்காந்துக்கினு இருக்கணும். அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்க்கா."

"அப்ப எதுக்கும்மா இந்த சபை?"

போச்சு. டில்லிபாபு பலகையைப் பார்த்தார். நீலம் கொஞ்சம் வெளிறித்தான் போயிருந்தது. இருந்தாலும் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவரை அம்சவல்லி பார்த்தாள். பொழுதெல்லாம் சும்மா வீட்டில் உட்கார்ந்து, குழம்பில் புளி அதிகம், கறிவேப்பிலை கம்மி என்று எட்டிப் பார்க்கப் போகும் ஒரு மனிதரை அவள் அந்த முகத்தில் பார்த்திருக்கலாம். வேறு ஏதாவதும் பார்த்திருக்கலாம். எப்படியோ, அவளே தொடர்ந்தாள்.

"இல்லம்மா, ஒண்ணு கீது. போன வாரம் வரைக்கும் இதே பசங்க அந்தக் கதவாண்ட ஒருத்தன் சட்டையை ஒருத்தன் புடிச்சிக்கினு நின்னானுங்க. இன்னிக்கும் அதே சண்டைதான். ஆனா உக்காந்துக்கினு, 'மதிப்புக்குரிய', 'மதிப்புக்குரிய'ன்னு சொல்லிக்கினே போட்டானுங்க. ஒரு பட்டன் பிய்யல. எனக்குத் தெக்கிற வேலை மிச்சம். அதுக்குத்தான் வெச்சிக்கிறாங்க போல, உங்க பெரிய சபையும்."

ஷெர்லின் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு டில்லிபாபுவிடம், "பலகைக்கு மட்டும் ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அன்று மோட்டார் ஓடத் தொடங்கியது பன்னிரண்டரை மணி வாக்கில். பத்தும் இல்லை, நாலும் இல்லை. மறுநாளும் அம்சவல்லி சோற்றை வடித்துவிட்டு அதே நேரத்துக்குப் போட்டாள், அதற்கு மறுநாளும். சக்திகுமாருக்கு அரைத் தூக்கம் கெட்டது. வேல்ராஜ் வரும்போது தொட்டி முக்கால்தான் நிரம்பியிருந்தது. இரண்டு பேருக்கும் பிடிக்காத நேரமாக இருந்ததால் ஒருவன் ஜெயித்துவிட்டான் என்று மற்றவன் சொல்ல வழியில்லை. சபை மாதம் ஒருமுறை கூடுகிறது. மோட்டார் நேரத்தை விவாதிக்கிறது, வீட்டோ போடுகிறது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறது. போட்டோக்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.

போன கூட்டத்துக்கு டில்லிபாபு ஆறாவதாக ஒரு சிவப்பு நாற்காலியைத் துடைத்து எடுத்து வந்தார். "நீயும் வந்து உக்காரு அம்சா" என்றார். வாழ்நாளெல்லாம் தானே கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அது.

"எனக்கெதுக்குய்யா நாற்காலி? சுவிட்ச் என்கிட்ட கீது" என்றாள் அவள், வெங்காயக் கூடையை அவர் கையில் கொடுத்தபடி.

டில்லிபாபு அந்தச் சிவப்பு நாற்காலியில் தானே உட்கார்ந்து, உரித்தார்.