பெயர் கிழித்த பால்

எங்கள் ஆய்வகத்து அக்கா பால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குகிறார். நிமிர்த்துகிறார், மறுபடி கவிழ்க்கிறார். வலிக்காக மணிக்கட்டில் கட்டிய பட்டை நழுவுகிறது.

"சாம்பிளை மேலாக எடுத்தா போதாதா மேடம்?" என்கிறார் மேலாளர்.

"நீங்க சர்க்கரையைக் கலக்காமலா காபி குடிக்கிறீங்க சார்? கசடெல்லாம் அடியில போய்ப் படுத்துக்கும்."

பாதாம், சோயா, ஓட்ஸ் என்று மாட்டைக் கறக்காமல் வருகிற பால்கள் இவருடைய ஆய்வு மேசையைத் தாண்டித்தான் போகும். தானியமும் பருப்பும் ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்திருந்தால், அதன் நஞ்சு பாலில் எவ்வளவு என்று அளப்பார். "காய்ச்சினா பூஞ்சை செத்துடும். அது கக்கின விஷம் சாகாது, ஈரலைத்தான் அரிக்கும்" என்பார். கடலை வாங்கினால்கூட ஒவ்வொன்றாகப் பிளந்து முகர்ந்துதான் வாயில் போடுவார். "அக்காவோட கடலை தின்னா பொழுது சாஞ்சிடும்" என்று கூட வேலை செய்கிற நாங்கள் கிண்டலடிப்போம்.

பால் பெட்டிகள் கம்பெனிப் பெயர் கிழிக்கப்பட்டு, வெறும் எண்ணோடு வரும். ஆய்வு செய்கிறவர் ஒருபக்கம் சாய்ந்துவிடக் கூடாதாம். நியாயமான விதிதான். ஆனால் பசும்பாலுக்கு நஞ்சின் வரம்பை எழுதிய சட்டம் இவற்றுக்கு எழுதவில்லை. அளவு எவ்வளவு ஏறினாலும் அறிக்கை 'வரம்பு வகுக்கப்படவில்லை' என்று முடியும். சரக்கு கடைக்குப் போய்விடும். சட்டம் எழுத மறந்தது என்பதற்காகக் குழந்தையின் ஈரல் விடுப்பு எடுத்துக்கொள்ளுமா?

இந்த வாரம் ஓர் ஓட்ஸ் பாலில் அளவு எகிறியது. மறுபடி செய்தார். அதே அளவு.

"இது யாரு கம்பெனி சார்?"

"நமக்கெதுக்கு மேடம் அந்த வம்பு? எழுதி அனுப்புங்க."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "சரி சார்" என்ற குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அன்று மாலை அவரோடு அவருடைய தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை மகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. தினமும் ஓட்ஸ் பால்தான். தங்கை அதை டம்ளரில் ஊற்றி, "அவளுக்குக் குடுக்கா. ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது? இது நல்ல கம்பெனிதானே?" என்றார்.

"தெரியலடி."

"நீதானே டெஸ்ட் பண்றே?"

"பண்றேன். யாரோடதுன்னுதான் சொல்ல மாட்டேங்கறாங்க."

"குடு பெரியம்மா" என்று சிறுமி கை நீட்டினாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொடுக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை.