காடிக்கரையின் ஒன்பது வீடுகள்

ஊறவைத்த தோலின் நாற்றம், அதைத் தொடர்ந்து உப்புச் சேற்றின் வாடை, பிறகு யார் வீட்டிலோ கருவாடு பொரிக்கும் மணம். இந்த மூன்றும் வரிசையாக மூக்கில் ஏறினால் சைக்கிள் எங்கள் சந்துக்குள் திரும்பிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அறுபதுகளின் கடைசியில், எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, தாராவியில் நாங்கள் இருந்த இடம் அப்படி. சந்தின் முடிவில் நிலமும் முடிந்துவிடும். அதற்கு அப்பால் மாகிம் வரைக்கும் கழிமுகத் தண்ணீர்தான். அதை எங்கள் ஆட்கள் இந்திக்காரர்களைப் பார்த்து "காடி" என்று சொல்லப் பழகியிருந்தார்கள். அந்தக் காடிக்கரையில் ஒன்பது தகர வீடுகள். அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்வரிசையில் எங்கள் வீடு.

என் அப்பா சாலமோன் ஃபோர்ட் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். நாசரேத் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. எங்கள் சந்தில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் ரேஷன் கார்டு, மனு, தந்தி, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டுத்தான் போகும். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். "அண்ணாச்சி வாசிச்சா சரியா இருக்கும்" என்று சந்தே சொல்லும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

காடிக்கரையின் முதல் வீடு காதர் மாமாவுடையது. மேலப்பாளையத்துக்காரர். பகலில் குர்லாவில் ஒரு பெல்ட் பட்டறையில் வேலை, அந்தி சாய்ந்ததும் வீட்டில் சொந்த வேலை. அதற்காக ஒரு தோல் தைக்கிற மிஷினை வாங்கி வைத்திருந்தார். இரும்புக் காலோடு அது ஒரு எருமைக்கன்று அளவு இருக்கும், நகர்த்த நாலு ஆண்கள் வேண்டும். அவர் மகள் நூர்ஜஹான் என் வயதுக்காரி. அப்பாவின் சைக்கிளில் நான் அரைப்பெடல் போட்டுப் பழகியபோது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள் அவள்தான். அவளுக்கு ஓட்டப் பழக்கியவள் நான். பெண்பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளித்தபோது காதர் மாமா சிரித்துக்கொண்டே, "ஓட்டட்டும், நாளைக்கு நமக்கு ஆத்திர அவசரத்துக்கு ஆகும்லா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து அப்பா தூங்கப் போனதும் சைக்கிள் எங்களுடையது. ஒருத்தி மிதிக்க, ஒருத்தி கேரியரில். மாதுங்காவின் மரத்தடித் தெருக்களில் மல்லிகைப் பூவும் காப்பிப் பொடியும் மணக்கும். அங்கே ஆபீஸ் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, "தாராவியா?" என்று ஓர் அடி தள்ளி நிற்பார்கள். எங்களுக்கு அது உறைத்ததில்லை, தெரு நிழலாக இருந்தது, அது போதும். சயான் குன்றைச் சுற்றிக்கொண்டு செம்பூர்ப் பக்கம் போனால் வழியெல்லாம் உப்பளம், வெயிலில் கண் கூசும் வெள்ளை, அதில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். திரும்பும்போது பாவாடை ஓரத்தில் உப்பு பூத்திருக்கும். அதை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். "எந்த ஊரு மேஞ்சிட்டு வாரீயட்டி?" என்பாள்.

அந்த வருடம் மழை விட்ட பிறகு, காதர் மாமா ஒரு காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்பது வீடுகளுக்கும் சேர்த்து முதல் வீடு என்று அவரிடம் யாரோ கொடுத்துவிட்டுப் போனதாம். நான் தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல காதர். கரையோர வீட்டையெல்லாம் கணக்கெடுக்க வருவாங்களாம். வந்தா பேரைச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

"மிஷினு கிஷினு கேப்பாங்களோ?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. நீரு பாட்டுக்கு வேலைக்குப் போம்."

காதர் மாமா காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் அப்பா வேலைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. அடுத்து "தோட்னேவாலா ஆயா! தோட்னேவாலா!" என்ற கூச்சல். இடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். கடப்பாரைகளோடு முப்பது பேர், கூடவே போலீஸ். கரையோரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பானையையும் படுக்கையையும் வெளியே வீசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அடுத்தவரைப் பார்க்க நேரமில்லை. நூர்ஜஹானின் உம்மா, பாத்துமா மாமி, முக்காடு விழுந்தது கூடத் தெரியாமல் எங்கள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, மிஷின எடுக்கணும், எங்களால அசைக்க முடியல. கொஞ்சம் வாங்க. இல்லன்னா சைக்கிள்ல குர்லாவுக்குப் போயி அவங்களையாவது கூட்டியாருங்க."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். மாமியைப் பார்க்கவில்லை. "வயிறு ரொம்ப வலிக்கி மைனி. ஜெபா போவா. அவளுக்கு வழி தெரியும்" என்றார்.

நான் போனேன். அப்பாவின் சைக்கிள் என் உயரத்துக்குப் பெரியது. உட்கார்ந்து மிதிக்க எட்டாது, பாருக்குள் காலை விட்டு அரைப்பெடலில்தான் ஓட்ட வேண்டும். சயான் பாலத்தில் தள்ளிக்கொண்டு ஏறி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விழுந்தேன். முட்டி பிய்ந்து ரத்தம் காலுறையில் இறங்கியது. எழுந்து மறுபடி மிதித்தேன். குர்லாவில் பட்டறையைக் கண்டுபிடித்து, "மாமா, வீட்ட இடிக்காங்க" என்று சொல்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

காதர் மாமா என்னைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தார். வழியில் இருமுறை திரும்பி, "பயப்படாதம்மா, கணக்கெடுக்கத்தான் வந்திருப்பாங்க. ஒங்கப்பா வாசிச்சுச் சொன்னாங்கல்லா" என்றார். அவர் முதுகு நனைந்திருந்தது. நான் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் மாமா, ஆமாம் மாமா என்றேன். எனக்கும் அதே நம்பிக்கைதான். பெரியவர்களின் கூச்சல் தப்பாக இருக்கலாம், அப்பா வாசித்தது தப்பாக இருக்காது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது வீடுகளும் இல்லை. தகரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிஷின் மீது கூரை உத்தரம் விழுந்து, அதன் கழுத்து ஒடிந்து கிடந்தது. நூர்ஜஹான் ஒரு சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதர் மாமா பையிலிருந்து காகிதத்தை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பந்த்ரா தின் பெஹலே நோட்டீஸ் தியா தா. படா நஹீ க்யா?" என்றார். பதினைந்து நாளுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது, வாசிக்கவில்லையா என்று கேட்கிறார்.

அப்பா அதற்குள் வெளியே வந்து நின்றிருந்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. யாரோ ஒருவர் வாயெடுத்தார். காதர் மாமாதான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க. கோர்ட்டு இங்கிலீசு, அவங்க என்ன வக்கீலா? தப்பா வாசிச்சிருப்பாங்க."

அப்பா தலை குனிந்து நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது என்பதை இங்கே எழுதவேண்டும்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ரோடு போடும் மேஸ்திரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். நான் சமையல் மூலையில் முட்டிக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"காரியம் நல்லா முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார். "அந்தக் காதர் பாய்க்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தா கோர்ட்டு கீர்ட்டுன்னு போயி ரெண்டு வருசம் இழுத்திருப்பான். நீரு வாயத் தொறக்காம இருந்தது பெரிய காரியம். இனிமே ரோடு உம்ம பின்சுவத்தோரமாத்தான் போவும். சுவத்த இடிச்சு ரெண்டு ஷட்டரு போட்டுக் கடை வையும், ராஜா மாதிரி இருக்கலாம்."

"புள்ள இருக்கா, மெதுவாப் பேசும்" என்றார் அப்பா.

அவர் போன பிறகு நான் அம்மாவிடம் போனேன். கேட்க வாயெடுக்கும் முன்பே அவள் சொன்னாள்.

"வாய மூடிட்டு இருட்டி. அந்த ரோடு ஒனக்கும் சேத்துத்தான் வருது."

காதர் மாமா குடும்பம் இரண்டு நாள் அந்த இடிபாட்டிலேயே இருந்தது. அம்மா சோறு கொடுத்தனுப்பினாள். கொண்டுபோனவள் நான். மூன்றாம் நாள் அம்பர்நாத்தில் உறவுக்காரர் யாரோ இடம் கொடுத்தார்கள் என்று கிளம்பிப் போனார்கள். ஒடிந்த மிஷினைப் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து அப்பாவோடு சைக்கிள் பாரில் உட்கார்ந்து வரும்போது கேட்டேன். அவர் முகம் எனக்குத் தெரியாது என்பதால்தான் கேட்க முடிந்தது.

"அப்பா, அந்தக் காயிதத்த நீங்க தப்பா வாசிச்சிட்டீங்களா?"

பெடல் ஒரு சுற்று நின்றது. "ஆமாம்மா. இங்கிலீசு கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எது வாசித்தாலும் நான் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டத் தொடங்கினேன். நான் இங்கிலீஷ் நன்றாகப் படித்தது அந்தக் கசப்பில்தான். அப்பாவைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எளிதாக இருக்கும். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் விடிய விடிய நெற்றியில் துணி போட்டவரும் அவர்தான். பின்சுவரை இடித்தார், இரண்டு ஷட்டர் போட்டார், வேலையை விட்டார், கடை நன்றாக நடந்தது. அந்தக் கடை வருமானத்தில்தான் நான் காலேஜ் படித்தேன். அந்த வருமானத்தில்தான் செம்பூரில் வீடு வந்தது. இன்றும் நான் படுத்து எழும் வீடு அது.

பதினைந்து வயதில் சயான் ஸ்டேஷனில் நூர்ஜஹானைப் பார்த்தேன். உயரமாகியிருந்தாள், அம்பர்நாத் போகும் ரயிலுக்காக நின்றிருந்தாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி ஜெபா! வாப்பா இப்பவும் ஒன்னயத்தான் சொல்லுவாங்க. சின்னப் புள்ள, முட்டியில ரத்தத்தோட குர்லா வரைக்கும் வந்துச்சேன்னு. ஒங்கப்பா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன். காதர் மாமா அங்கே ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்குவதாகவும், தோல் வேலையை விட்டுவிட்டதாகவும் சொன்னாள். ரயில் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடமும் நான் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். ரயிலில் ஏறிய பிறகும் அவள் கையாட்டிக்கொண்டே போனாள்.

முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் இந்த வயதில் மறுபடியும் சைக்கிள் மிதிக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் செம்பூரிலிருந்து தாராவி வரைக்கும் போய் வந்தேன். உப்பளங்கள் இருந்த இடத்தில் கட்டடங்களும் சாலைத் தூண்களும் நிற்கின்றன, கொக்கு நிற்க ஈரம் இல்லை. மாதுங்காவின் தெருக்களில் மரங்களுக்கு இடையே கார்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. காடி ஒடுங்கிக் கறுத்த சாக்கடையாகியிருக்கிறது. அன்று போட்ட ரோட்டைப் பிறகு இரண்டு முறை அகலமாக்கினார்கள். அதில் எங்கள் பழைய வீடும் அப்பாவின் ஷட்டர்களும் போய்விட்டன. அந்த முறை நஷ்ட ஈடு கிடைத்தது, காகிதத்தை வாசிக்க எங்கள் வீட்டில் ஆள் இருந்தது.

காதர் மாமாவின் வாசல் எங்கே இருந்திருக்கும் என்று மனசால் அளந்து பார்த்தேன். பஸ் வரும் தடத்துக்கு நடுவே வந்தது. அங்கே ஒரு நிமிடம் காலூன்றி நின்றேன். பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரனை அழுத்திவிட்டு, "மாஜி, மர்னா ஹை க்யா?" என்று கத்தினான். சாகணுமா என்று கேட்கிறான். ஓரமாக ஒதுங்கி வீட்டுக்குத் திரும்பினேன்.

"பழைய இடமெல்லாம் பாத்தியாம்மா, எப்படி இருந்துச்சு?" என்று மகன் கேட்டான். அவனுக்குத் தாத்தா என்றால் சந்துக்கே மனு எழுதிக் கொடுத்த நல்ல மனிதர். பேரப்பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறான். "எல்லாம் மாறிப்போச்சுடா" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.