ஷட்டர் டிவியில் அண்ணாச்சி போட்ட படம்

சுப்பையா அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார் என்று உங்கள் ஊர் ஆனைக்குட்டத்திலிருந்து போன் வந்தது. பட்டாசுக் கம்பெனியில் பாதி ஆயுசு கிடந்தவர், படுக்கையில் செத்தார். அந்த மட்டுக்கும் நல்லது என்று நினைத்தேன். முதலாளியும் மாலையோடு கிளம்பிவிட்டாராம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அந்தக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்தவள். அண்ணாச்சி அப்போது போர்மேன். தொழிலாளிகளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி அதிகாரிகள் கொடுத்த பாதுகாப்பு சி.டி. ஒன்று அலமாரியில் தூங்கியது. அதைப் போடலாமா என்று அண்ணாச்சி கேட்டதற்கு, வெடிமருந்து ஒட்டிய காலோடு யாரும் ஆபீசுக்குள் வரக்கூடாது என்றார் முதலாளி. அண்ணாச்சி விடவில்லை. முதலாளி வீட்டில் கழித்துப்போட்ட, மர ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை டிவியைச் சாப்பாட்டுக் கொட்டகைக்குத் தூக்கி வந்துவிட்டார். கம்ப்யூட்டரை நான் கொண்டுபோனேன்.

அந்த டிவியில் ஆன்டெனா வயருக்கு மட்டும்தான் இடம். கம்ப்யூட்டரின் பின்னால் இருந்ததோ மஞ்சள் வயர் சொருகும் துளை. நடுவில் ஒரு பழைய வீடியோ டெக்கை வைத்து இரண்டையும் இணைத்தோம். அப்படியும் படம் வரவில்லை. காரணம் அண்ணாச்சியின் கைப்பழக்கம். வெடிக்குத் திரி சொருகுவது எப்போதும் கடைசி வேலை. அதேபோல எல்லாவற்றையும் ஓடவிட்டு, மஞ்சள் வயரைக் கடைசியில் சொருகினார். கம்ப்யூட்டரோ கிளம்பும்போதுதான் வயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, வயரை முதலில் சொருகிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திரும்பக் கிளப்பினார். படம் வந்தது.

ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, எழுத்து கலங்கித்தான் ஓடியது. ஆனாலும் ஒன்று எல்லோருக்கும் விளங்கியது: மருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அறையில் வேலை பார்த்த நம் மாரியம்மாதான் எழுந்து, நாங்கள் ஏழு பேர் உட்காருகிறோமே என்று கேட்டாள்.

“இனிமே உக்காராதீக,” என்றார் அண்ணாச்சி.

அன்று மத்தியானமே மூன்று பெண்கள் அந்த அறையை விட்டு வெளியே வந்தார்கள். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது. பொழுது சாய்வதற்குள் அண்ணாச்சியின் போர்மேன் வேலையைப் பறித்து, லோடு ஏற்ற அனுப்பினார்கள். டிவி குடோனுக்குப் போனது. அறையில் மறுபடியும் ஏழு பேர்.

அடுத்த கோடையில் அந்த அறை வெடித்தது. மாரியம்மா உட்பட ஒருத்தியும் மிஞ்சவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் முதலாளி கூசாமல் சொன்னார், இவர்களுக்குப் படமே போட்டுக் காட்டினோமே என்று. அந்தப் படத்தைப் போட்டவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை.

“அவுகளக் காப்பாத்தத்தான் படம் போட்டேன் தாயி. அந்தாளக் காப்பாத்திருச்சு,” என்றார் அண்ணாச்சி. அதற்குப் பிறகு அவர் கம்பெனிப் பக்கமே வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரே பழக்கம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் தலையை எண்ணிவிடுவேன். அவரைக் கிடத்தியிருந்த அறையிலும் எண்ணினேன். ஊர்க்காரர்கள் நீங்களெல்லாம் சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்கள். முதலாளி மாலையோடு வாசலில் வந்து நின்றார். வழிவிடச் சொல்லி யாரோ என் தோளைத் தொட்டார்கள். நான் நகரவில்லை.

“உள்ள ஏற்கெனவே நாலு பேருக்கு மேல இருக்கோம்,” என்றேன்.