செபமாலையிடம் வாங்கின யூக்கலேலே

செபமாலைக்கு நான் எழுநூற்றைம்பது ரூபாய் கடன் வைத்திருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நெல்லியடியில் சொந்தமாக மரம் அறுத்து விற்கிற மரக்காலை போட்டவன் நான். இந்த ஒன்றைத் தவிர ஒருத்தனுக்கும் ஒரு சதம் வைத்தவனில்லை. இதையும் வாங்க மறுத்தவன் அவன்தான்.

அவன் மயிலிட்டிக்காரன். கப்பல் வேலையை விட்டு வரும்போது இரண்டு பரிட்டோன் யூக்கலேலே கொண்டுவந்தான். கித்தாரின் தம்பி மாதிரி, நாலே தந்தி. எண்பத்துநாலில் ஒன்றை எனக்கு விற்றான். காசை நீட்டினேன். ஒரு பாட்டைப் பிழையில்லாமல் வாசியுங்கோ, பிறகு வாங்கிறன் என்று சிரித்தான்.

எத்தனையோ மரம் அறுத்தவன் நான். மரம் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. நெஞ்சோடு அணைத்துத் தட்டினால் விலா எலும்புக்குள் முழங்கும். விரலும் நோகாது. ஒரு தந்தி அறுந்தபோது, மீன்பிடிக்கிற தங்கூசி நைலோன் நூலில் மொத்தமானதாகப் பார்த்துக் கட்டித் தந்தான்.

ஞாயிறுதோறும் பூசை முடியத் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவான். அவன் பாட்டை வாசிக்க நான் கூடத் தட்டுவேன். கிழமைக்கு ஒரு பிழை கண்டுபிடிப்பான். காசை வாங்கினால் வர ஒரு சாட்டு இல்லாமல் போய்விடும் என்றுதான் போல.

தொண்ணூறில் ஆமி ஷெல் அடிக்க, மயிலிட்டிச் சனம் முழுக்க எழும்பி ஓடியது. மூன்று நாளில் திரும்பலாம் என்று தன்னுடையதைச் சுவரில் உயர மாட்டி, யன்னலைச் சாத்திவிட்டு வந்தான். மூன்று மாதமாகியும் போக முடியவில்லை. அகதியாக ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு, பின்னேரங்களில் வந்து என்னுடையதை வாசிப்பான்.

ஒருநாள் மனுசி பிள்ளைகளோடு வள்ளத்தில் இந்தியா போவதாகச் சொல்ல வந்தான். மரக்காலையில் கூலியாட்கள் நாலு பேர் நின்றார்கள். வழக்கம்போல என்னுடையதை எடுத்து அணைத்துக்கொண்டான்.

"அண்ணை, இதைக் கொண்டுபோகட்டே? அங்கை எனக்கு வேறை ஒண்டுமில்லை."

"அது நான் வாங்கின சாமானடா."

"காசு இன்னும் வாங்கேல்லையே, அண்ணை" என்றான், பழைய பகிடியாகத்தான்.

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ஊர் முழுக்க என்னுடையது என்று சொல்லித் திரிந்தவன் நான். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. மேசை லாச்சியை இழுத்துக் காசை எடுத்தேன். கையை நீட்டு என்றேன். யூக்கலேலேயை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு நீட்டினான். ஏழு நூறு ரூபாய்த் தாளையும் ஒரு ஐம்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணி வைத்தேன். காசின்மேல் விரல்களை மடக்காமலே நின்றான்.